கிராம சபையில் நான் சொன்னது

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எவரும் கல்லூரியில் சேருவதற்கு முன் ஆறு வாரம் குடிமை வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது சட்டம். அரசமைப்பின் பிரிவுகளை உருப்போட்டு, பரீட்சையில் கொட்டிவிட்டு, மறுநாளே மறந்துவிடுவதற்கான வகுப்பு அது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அந்த நினைப்பு மாறியது. மாறிய விதம் எதிரிக்கும் வேண்டாம்.

அன்று டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பலகையில் இரண்டு வரி எழுதிப்போட்டுவிட்டுப் போய்விட்டார். 'உங்கள் ஊரின் கடைசி கிராம சபைப் பதிவைப் பார்க்கவும். அரசமைப்பின் எந்தெந்தப் பிரிவுகள் அங்கே பயன்பட்டன என்று எழுதவும்.' சங்குவிளையிலிருந்து அந்த வகுப்புக்கு வந்தவர்கள் மூன்று பேர்தான். நான், ரெக்சிலின், சுயம்பு. ஒரே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு திரையைப் பிடித்தோம்.

ரெக்சிலின் எனக்கு எல்.கே.ஜி.யிலிருந்து சிநேகிதி. அவள் அம்மா தங்கபுஷ்பம் சித்தி இருபது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெயிலில் உப்பு பளபளக்கிற வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் தின்றுவிட்டது. இப்போது பகலா இரவா என்பது மட்டும்தான் தெரியும். சுயம்பு வேறு ரகம். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

பதிலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் வருஷத்துக்கு நான்கு கிராம சபை நடக்கும், ஆள் வரமாட்டார்கள். ஊராட்சி ஆபீசிலிருந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப்போவார்கள். என்ன தீர்மானம் என்று யாரும் கேட்டதில்லை, மேலே வெற்றிடமாக இருந்தாலும் கீழே போட்டுக்கொடுத்தார்கள். இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் பதினொரு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் பதிலியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். பதினாறு வயது ஆனவுடன் நம் முகம், நம் குரல், நம் அபிப்பிராயம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பதிலியை உண்டாக்கிவிடும். நமக்குப் பதிலாக அது போய் சபையில் உட்காரும், பேசும், கை தூக்கும். சங்குவிளையில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வருகை. எங்களுக்கும் அதில் பெருமைதான். லீவு நாளில் யார் போய் அங்கே உட்காருவது?

மே ஒன்றாம் தேதிப் பதிவு ஓடத் தொடங்கியதும் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. சுயம்புவின் அப்பாவுடைய பதிலி சாக்கடையைப் பற்றி ஏழு நிமிஷம் பேசியது.

"வீட்டுலயும் இதே கதைதாம்லா," என்றான் சுயம்பு. "சோத்துல கை வச்சா சாக்கடையத் தவிர வேற பேச்சே வராது."

ரெக்சிலின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் அம்மாவின் பதிலி ஒரு மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. பதினாறு தாண்டிய புது உறுப்பினர்களின் வரிசையில் என் முகம் இருந்தது. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, ஒரு முடி பிசகவில்லை. அதையும் காட்டிச் சிரித்தோம்.

அப்போது திரையில் சபையை நடத்தும் இயந்திரக் குரல், "பொருள் பதினான்கு," என்றது. "பார்வை இழந்தோருக்கான துணையாள் உதவி, மறு ஆய்வு. பயனாளி, தங்கபுஷ்பம். பயனாளியும் குடும்பத்தாரும் இதில் பேச இயலாது. இவருடைய நிலையை நேரில் அறிந்த உறுப்பினர் எவரேனும் உண்டா?"

ரெக்சிலின் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தாள். அவர்கள் வீட்டுக்குக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரு துணையாள் வந்துகொண்டிருந்தார். மே மாதம் திடீரென்று நின்றுபோனது. ஏன் என்று கேட்டு எழுதியதற்கு, 'கிராம சபையின் ஏகமனதான தீர்மானம்' என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அந்த மனுவை உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவளே நான்தான்.

திரையில் ஒரு கை உயர்ந்தது. என் கை.

"அவிய நடிக்காவ," என்றது என் குரல். "கண்ணு தெரியாதவிய எப்பிடிப் பூக் கட்டுவாவ? சரம் சரமாக் கட்டுதாவ, நானே பாத்தேன். ஊரை ஏமாத்தி வீட்டோட ஒரு ஆளை வேலைக்கு வச்சிருக்காவ."

 நான் இல்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஏனென்றால் சொல்லியிருந்தேன். அட்சரம் பிசகாமல் சொல்லியிருந்தேன்.

ஏப்ரலில் நர்சிங் தேர்வு முடிவு வந்த அன்று. ரெக்சிலினுக்கு மதுரையில் இடம் கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, சித்தி கட்டித் தந்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தால் நானுந்தான் ராப்பகலாகப் படித்திருப்பேன் என்று தோன்றியது. அந்தச் சூட்டில் கொட்டியதுதான் இது. "சும்மா இருட்டி, சாப்பிடு," என்றாள் அம்மா. மறுநாள் காலையில் எனக்கே அது மறந்துபோனது. பூக் கட்டக் கண் வேண்டாம், விரல் போதும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். டிவியைப் பார்த்துக்கொண்டே கட்டுவார்கள், இருட்டில் கட்டுவார்கள். எனக்கும் தெரியும். அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

"நேரில் கண்ட சாட்சி பதிவு செய்யப்பட்டது. எதிர்ப்பு உண்டா? இல்லை. ஏகமனதாக நிறைவேறியது."

ரெக்சிலின் என்னைத் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பெஞ்ச் தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமலே, "நீ எழுதிக் குடுத்த மனுவோட நகலை அம்மா தலையணைக்குக் கீழ வச்சிருக்கா," என்றாள். "இசக்கிதேவி எழுத்து ராசியான எழுத்துன்னு."

 துணையாள் நின்ற பிறகு சித்தி தானாகக் கஞ்சி வடிக்கப் போய் இடது கை வெந்தது. மதுரைக்குப் போகப்போவதில்லை என்று ரெக்சிலின் அன்று முடிவு செய்தாள். அவளுக்கு ஆறுதல் சொன்னதும் நானேதான். எப்படிப்பட்ட ஊர், எப்படிப்பட்ட ஜனங்கள் என்று வேறு சொன்னேன்.

"ஒரே ஒரு தடவைதாம்ல சொன்னேன்," என்றேன் சுயம்புவிடம். "அவியளப் பத்தி ஆயிரம் தடவை நல்லதாப் பேசியிருக்கேன். அதை ஏன் அது சொல்லல?"

சுயம்பு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "நல்லதாச் சொல்லுததை அது மரியாதைக்குச் சொல்லுததுன்னு கழிச்சிரும். கோவத்துல சூடாச் சொல்லுதோம் பாரு, அதைத்தான் நெஞ்சுல உள்ளதுன்னு எடுத்துக்கிடும். அப்பிடித்தான் செஞ்சு வச்சிருக்காவ."

"எங்கம்மா என்னைய அதட்டுனாளே?"

"சும்மா இருன்னா அதுல அபிப்பிராயம் எங்க இருக்கு?"

பின்னாலிருந்து ரெக்சிலினின் குரல் வந்தது. "கோர்ட்டுக்குப் போனா?" கேள்வி சுயம்புவுக்கு. எனக்கில்லை.

அவன் புத்தகத்தைப் புரட்டினான். "நாப்பத்தொண்ணாவது பிரிவுல, உடம்புக்கு முடியாதவியளுக்கு அரசு உதவணும்னு இருக்கு. ஆனா அதை மட்டும் காட்டிக் கோர்ட்டுல கேக்க முடியாதுன்னு முப்பத்தேழாவது பிரிவுலயே எழுதிட்டாவ. இருபத்தொண்ணாவது பிரிவையும் சேத்து, வாழுத உரிமைன்னு கேக்கலாம். கேட்டா நாலஞ்சு வருசம் ஆவும்."

"ஆகஸ்ட் இருபதாம் தேதி காலேஜ் திறக்காவ," என்றாள் ரெக்சிலின்.

இவ்வளவு நாள் பரீட்சைக்கு உருப்போட்ட எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து எங்கள் ஊருக்குள் நடந்து வந்த மாதிரி இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பதிலிச் சட்டத்தை வரி வரியாகப் படித்தோம். நான்கு மணிக்குச் சுயம்பு ஒரு வரியில் விரலை வைத்தான். உறுப்பினர் நேரில் வந்தால் அவருடைய பதிலி உட்கார்ந்துவிட வேண்டும். சாட்சி சொன்னவரே நேரில் வந்து சாட்சியை விலக்கிக்கொண்டால் தீர்மானம் தானாகவே ரத்து.

"இது இன்னுமா சட்டத்துல இருக்கு?" என்றேன்.

"எடுக்க மறந்துட்டாவ போல. ஒருத்தரும் போகலயே."

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பதினொரு மணிக்கு ஊராட்சிக் கூடத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. செயலர் வடிவு அக்கா கொடியேற்றிவிட்டு மிட்டாய்த் தட்டோடு நின்றவர், எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"கிராம சபைக்கா? ஆளாவா வந்திருக்கீய?" என்று மூன்று தடவை கேட்டார். "நான் வேலைக்குச் சேந்து எட்டு வருசம் ஆச்சு. ஒருத்தரும் வந்ததில்லயே. சாவிய எங்க வச்சேன்னே தெரியலயே."

சாவி கிடைத்தது. நாற்காலிகளில் புறா எச்சம் காய்ந்திருந்தது. சுயம்பு நான்கை இழுத்துப்போட்டுத் துடைத்தான். ரெக்சிலின் அவள் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்து முன்னால் உட்காரவைத்தாள். சித்தியின் இடது கையில் வெந்த தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. போக முகம் இல்லை.

சுவர் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு முகங்கள். சுயம்பு உட்கார்ந்ததும் அவன் முகம் அணைந்தது, ரெக்சிலின் முகமும் சித்தி முகமும் அணைந்தன. சாட்சி சொன்ன பதிலி என்பதாலோ என்னவோ, என் முகம் மட்டும் அணையவில்லை. சித்தியின் பொருள் எண் வந்ததும் எழுந்து நின்றேன்.

"மே மாசம் சொன்ன சாட்சிய விலக்கிக்கிடுதேன். அது பொய்."

"முகம், சரி," என்றது இயந்திரம். "கைரேகை, சரி. குரல், சரி. கருத்துப் பொருத்தம், நூற்றுக்குப் பதினொன்று. உங்கள் கருத்து இசக்கிதேவியின் கருத்துடன் பொருந்தவில்லை. உறுப்பினர் வற்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கலாம். உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் பதிலியே தொடர்ந்து பேசும்."

சுவரில் இருந்த நான் வாயைத் திறந்தேன். "அவிய நடிக்காவ," என்றேன்.

 நான் இங்கே நிற்கிறேன், ரத்தமும் சதையுமாக நிற்கிறேன். நான் நான்தானா என்று அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்!

"எக்கா, இது என்ன அநியாயம்?" என்று வடிவு அக்காவிடம் கத்தினேன்.

அவருக்கும் வியர்த்திருந்தது. "அந்தக் காலத்துல ஆளுகளை வேன்ல ஏத்தியாந்து, இதைச் சொல்லு அதைச் சொல்லுன்னு மிரட்டிச் சொல்ல வப்பாவளாம். அதுக்காக வச்ச பாதுகாப்பு இது. நல்லதுக்குன்னுதான் வச்சாவ."

"நான் மனசு மாறக்கூடாதா?"

"மனசு மாறுததுக்கு அதுல கட்டம் இல்லயேம்மா."

சுயம்பு என் பக்கத்தில் வந்து நின்றான். சொல்லத் தயங்கினான். "ஒரு வழி இருக்கு. அன்னைக்குச் சொன்னதையே இப்பவும் சொன்னா நீதான்னு அது ஒத்துக்கிடும். ஒத்துக்கிட்டு பதிலி அணைஞ்சதுக்கப்புறம் நீ என்ன வேணும்னாலும் பேசலாம்."

"சித்தி முன்னாலயா?"

 ரெக்சிலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி எனக்கும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அவிய நடிக்காவ. கண்ணு தெரியாதவிய எப்பிடிப் பூக் கட்டுவாவ.

"நூற்றுக்கு நாற்பத்தாறு. போதவில்லை."

"சூடு பத்தல," என்றான் சுயம்பு மெதுவாக.

என்னால் முடியாது என்று உட்காரப் போனேன். அப்போது சித்தி பேசினார். "சொல்லுட்டி."

"சித்தி..."

"ரெக்சி அன்னைக்கே சொல்லிட்டா. எனக்குத் தெரியாததா? உன் வாய்ல வந்தது அந்தச் சனியன் வாய்லயே கிடக்கதுக்கு, நீயே சொல்லித் தொலைச்சிரு. என் பிள்ளை பஸ் ஏறணும். சொல்லு. என்னையப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அவர் முகம் என் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளித் திரும்பியிருந்தது. அந்த ஏப்ரல் இரவை நினைத்தேன். தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தோண்டவே வேண்டியிருக்கவில்லை, மேலேயே கிடந்தது. எனக்குக் கிடைக்காத இடம், அவள் போகப்போகிற ஊர், நான் இதே உப்புக்காற்றில் கிடக்கப்போகிற வருஷங்கள். அத்தனையும் அப்படியே இருந்தன. அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. நான் கத்தினேன். கடைசி வாக்கியம் வரை கத்தினேன். கூடத்துக் கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன.

"நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இசக்கிதேவி, உறுதி செய்யப்பட்டது."

சுவரில் என் முகம் அணைந்தது. அழுதுகொண்டே சாட்சியை விலக்கினேன். பூக் கட்டக் கண் வேண்டாம், விரல் போதும் என்பதையும் அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். தீர்மானம் ரத்து என்றது. பழைய துணையாள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் புது ஆள் ஜனவரியில் நியமிக்கப்படுவார் என்றும் சொன்னது. பிறகு யாரும் கேட்காமலே ஒன்று சொன்னது.

"இன்று பேசியவற்றில் உணர்வு மிகுந்த பகுதி, உறுப்பினரின் பதிலியில் புதுப்பிக்கப்பட்டது."

"அப்படின்னா?" என்றேன்.

சுயம்பு வாயில் கைவைத்துக்கொண்டான். "நீ இப்ப கத்துனத அது இன்னும் அழுத்தமாப் பிடிச்சுக்கிட்டுது. இனிமே நீ வராத கூட்டத்துல எல்லாம் அது அதையே சொல்லும். முன்னைய விடச் சத்தமா."

சித்தி எழுந்து கையை நீட்டினார். ரெக்சிலின் பிடிப்பதற்குள் என் தோள் அவர் விரலில் பட்டுவிட்டது. "அடுத்த கூட்டம் எப்ப?" என்று கேட்டார்.

"அக்டோபர் ரெண்டு."

"வந்துரு."

சித்தியின் பிடிவாதத்தில் ரெக்சிலின் மதுரைக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் தினமும் காலை எட்டு மணிக்குச் சித்தி வீட்டுக்குப் போய் ஐந்து மணி வரை இருந்தேன். சித்தி வரச்சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அக்டோபர் இரண்டாம் தேதி கூடத்துக்குப் போய் மறுபடியும் கத்தினேன், பதிலியை உட்காரவைத்தேன். அன்று என்னோடு இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள். பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. யார் வீட்டுக் கூடத்தில் யாரைப் பற்றி என்ன பேசினோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியில் எனக்குப் பதினெட்டு வயது ஆனது. துணையாள் வேலைக்கு நானே விண்ணப்பம் போட்டேன். குடியரசு தினத்தன்று சபையில் பொருள் ஆறாக வந்தது. "தங்கபுஷ்பத்துக்குத் துணையாளாக இசக்கிதேவி. விண்ணப்பதாரர் இதில் பேச இயலாது, பயனாளியின் குடும்பத்தார் பேசலாம். இவரை நேரில் அறிந்தவர் உண்டா?"

சுவரில் ரெக்சிலினின் கை உயர்ந்தது. அந்த முகத்தை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை. அது வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் கதவு திறந்தது.

முதல் பஸ்சைப் பிடித்து வந்திருந்தாள். தோளில் பை, கல்லூரிச் சீருடை. "நான் நேர்ல வந்திருக்கேன்," என்றாள் மூச்சு வாங்க. "பேசுததுக்கு முன்னால உறுதி பண்ணணும்லா?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஜூலை மாதத்திலிருந்து மதுரைக்குப் போகும் வரை எத்தனை இரவு அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து சொல்லியிருப்பாள்!  ஆனாலும், "சொல்லுட்டி," என்றேன்.

சொன்னாள். என்னைப் பார்த்து, நின்ற இடத்திலேயே, ஒரு சொல் விடாமல். கூட இருந்து குழி பறித்தவள், அம்மா கை வெந்ததைப் பார்த்துக் கண்ணீர் விட்டு நடித்தவள், எங்கள் வீட்டு வாசல்படியை மிதிக்க விடாதீர்கள் என்று. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 

"நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு," என்றது இயந்திரம். என்னுடையதைவிட ஒன்று அதிகம். "உறுதி செய்யப்பட்டது. உறுப்பினர் பேசலாம்."

சுவரில் அந்தக் கோபமான முகம் அணைந்தது. ரெக்சிலின் சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆட்சேபணை இல்ல," என்றாள்.

பிறகு நாற்காலி தேடினாள். கூடத்தில் துடைத்துப்போட்ட நாற்காலிகள் நிறைய இருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ஏப்ரலுக்கு எனக்குப் பரீட்சை இருக்கு," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "மே ஒண்ணு கூட்டத்துக்கு வந்துருவேன்."